குகையிலிருந்து ஹைரூல் வரை: திறந்த உலகச் சாகச விளையாட்டு சிறப்பது எதனால்?

1972 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், குகை அளப்போர் குழுவொன்று நிலத்தடி நீரில் நடந்து சென்று, ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் மாமத் குகையும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை உறுதிசெய்தது. உலகின் மிக நீண்ட குகைத் தொகுதி என்று இன்று அறியப்படுவது அவ்வாறு இணைந்ததுதான். அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் பட்ரீசியா குரௌதர். அவருடைய கணவர் வில் குரௌதரும் குகை அளப்பதில் ஈடுபட்டவர். போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்கு நிரல் எழுதியவர். குகையில் எடுத்த அளவைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கியவர். திறந்த உலகச் சாகச விளையாட்டின் வரலாற்றைப் பேச வருவோர் கென்டக்கியின் சேற்றிலிருந்து தொடங்குவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு.

மணமுறிவுக்குப் பின் குகைகளுக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்ட வில் குரௌதர், 1975-76 காலத்தில் தம் பெண்மக்களுக்காக ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு விளையாட்டை எழுதினார். அதுவே 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்'. அதில் படம் இல்லை. திரையில் ஓரிடத்தைப் பற்றிய சில வரிகள் வரும். ஆட்டக்காரர் மேற்கே செல்ல வேண்டும் என்றோ விளக்கை ஏற்ற வேண்டும் என்றோ ஓரிரு சொற்களைத் தட்டுவார். அடுத்த இடத்தின் வருணனை வரும். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் அதை விரித்துப் புதையல்களையும் மதிப்பெண் முறையையும் சேர்த்தார். குரௌதரின் முதல் வடிவம் தொலைந்துவிட்டது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் உட்ஸின் பழைய கணக்கிலிருந்து அது மீட்கப்பட்டபின், டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆய்வாளர் நிரலை ஒரு கையிலும் குகை வரைபடத்தை மறுகையிலுமாகக் கொண்டு கென்டக்கிக்கே சென்று இரண்டையும் ஒப்பிட்டார். 2007இல் 'டிஜிட்டல் ஹியூமானிடீஸ் குவார்ட்டர்லி' இதழில் வெளியான அவருடைய கட்டுரை, விளையாட்டின் நில அமைப்பு பெட்குவில்ட் என்னும் குகைப்பகுதியோடு எவ்வளவு நெருங்கிப் பொருந்துகிறது என்பதைக் காட்டிற்று. விளையாட்டை மட்டுமே அறிந்திருந்த ஒருவர், முதன்முறை பெட்குவில்டுக்குள் இறங்கியபோது வழி கண்டுகொண்டார் என்ற செய்தியும் குகையாளர் வட்டாரத்தில் வழங்குகிறது.

திறந்த உலகம் என்ற சொல்லே பிறக்காத காலத்து இவ்விளையாட்டு, பின்னர் வந்தவற்றை அளக்கும் கோலாகப் பயன்படக்கூடியது. மாயமும் குள்ளர்களும் அதில் உண்டெனினும் அடித்தளம் மெய்யானது. ஓர் அறைக்கு அடுத்து இன்னோர் அறை இருப்பதற்குக் காரணம், நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையை அப்படி அரித்திருந்தது. ஆட்டக்காரரை மகிழ்விப்பதற்காக அந்த இடம் அமைக்கப்படவில்லை. அது முன்பே இருந்தது. ஆட்டக்காரர் பின்னர் வந்து சேர்ந்தார். இந்த உணர்வை, அதாவது தனக்கு முன்பும் தான் இல்லாதபோதும் இவ்வுலகம் இருக்கிறது என்னும் நம்பிக்கையை, எந்த விளையாட்டு ஊட்டுகிறதோ அதுவே அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நினைவில் நின்றிருக்கிறது. விளம்பரங்களோ வேறொரு கணக்கைச் சொல்கின்றன: எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எத்தனை பணிகள். ஆய்வேடுகளிலும் இந்தக் கணக்கு அப்படியே நுழைந்துவிடுவது உண்டு என்பதால் வரலாற்றைச் சற்று மெதுவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் அந்தக் குகை விளையாட்டை ஆடிய வாரன் ராபினெட், அதன் சாயலில் அட்டாரி 2600 கருவிக்குப் படங்களுடன் கூடிய 'அட்வென்ச்சர்' ஒன்றை உருவாக்கினார். அது 1980இல் வெளிவந்தது. 4 கிலோபைட் பேழை, 128 பைட் நினைவகம், முப்பது அறைகள், வீரனுக்குப் பதில் ஒரு சதுரப் புள்ளி, அன்னப்பறவை போல் தோன்றும் டிராகன்கள். ஆக்கியோர் பெயரை வெளியிடாத அட்டாரியின் வழக்கத்துக்கு எதிராக ராபினெட் தம் பெயரை ஒரு மறைவறையில் ஒளித்துவைத்த கதையைப் பலரும் அறிவர். அதைவிட முதன்மையானது ஒரு வௌவால். திரையில் தெரியாதபோதும் அது அறை அறையாகப் பறந்துகொண்டே இருக்கும். பொருள்களைக் கவர்ந்து வேறெங்கோ போட்டுவிடும். நேற்றுவரை சாவி இருந்த இடத்தில் இன்று செத்த டிராகன் கிடக்கும். 128 பைட்டுக்குள் ஒருவர், ஆட்டக்காரரின் கண் படாத இடத்திலும் ஏதோ நடக்கிறது என்ற உணர்வை உண்டாக்கிவிட்டார். இன்றைய பெருவிளையாட்டுகள் பலவற்றில் இந்த வௌவாலுக்கு நிகரான ஒன்று இல்லை.

1984இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய 'எலைட்' வேறொரு திசையைத் திறந்தது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கருவியில், எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள் அமைப்புகள். அவை எதுவும் சேமித்து வைக்கப்பட்டவை அல்ல. ஒரு வித்தெண்ணிலிருந்து வாய்பாட்டின்படி ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுப் பெறப்பட்டவை. அதே வாய்பாட்டைக் கொண்டு இரண்டின் 48ஆம் அடுக்கு எண்ணிக்கையில் மண்டலங்களை அமைத்திருக்கலாம். வெளியிட்ட ஏகார்ன்சாஃப்ட் அதை வேண்டாம் என்றது. அத்தனை பெரிய எண்ணைக் கண்டால் உலகத்தின் செயற்கைத்தன்மை வெளிப்பட்டுவிடும் என்பது அதன் கவலை. பதிப்பாளர்கள் படைப்பாளிகளைவிடத் தெளிவாகச் சிந்தித்த அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று. 2016இல் ஹெலோ கேம்ஸ் நிறுவனத்தின் 'நோ மேன்ஸ் ஸ்கை' இரண்டின் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கோள்களை அறிவித்து வந்தபோது, முதல் சில வாரங்களிலேயே ஆட்டக்காரர்கள் சலித்துப்போனதை நினைத்தால் 1984இன் அந்த முடிவு இன்னும் தெளிவாக விளங்கும். நோ மேன்ஸ் ஸ்கை பின்னர்ப் பல ஆண்டுகள் உழைத்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால் அது திருந்தியது கோள்களின் எண்ணிக்கையைக் கூட்டியதால் அன்று.

1986 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' இவ்வகைமையின் இலக்கணநூல் எனத் தக்கது. கியோட்டோ மாவட்டத்தின் சோனோபே என்ற ஊரில் வளர்ந்த ஷிகெரு மியாமோட்டோ, சிறுவயதில் மலைப்புறத்தில் அலைந்து திரிந்ததையும், ஒரு குகையைக் கண்டு விளக்கோடு உள்ளே சென்றதையும் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். மீண்டும் ஒரு குகை. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அமைத்த ஹைரூல் நாடு 16க்கு 8 என 128 திரைகளால் ஆனது. அதற்கடியில் ஒன்பது நிலவறைகள். முதல் திரையில் ஆட்டக்காரர் வெறுங்கையோடு நிற்கிறார். மேலே ஒரு குகைவாயில் கருமையாகத் தெரிகிறது. வலமும் இடமும் மேலும் பாதைகள் செல்கின்றன. உள்ளே நுழைந்தால் ஒரு முதியவர் வாள் தருவார். நுழையச் சொல்லி எவரும் பணிக்கவில்லை. வாளில்லாமலே நாட்டுக்குள் நடந்து போய்விடவும் முடியும்.

அந்தக் கருஞ்சதுரம் வரலாற்றில் மிகச் சிக்கனமான வடிவமைப்புகளுள் ஒன்று. ஆட்டக்காரரின் ஆர்வத்தை அது நம்புகிறது. நம்பியதற்கு உடனே பரிசளிக்கிறது. அந்த முதல் நொடியில் கற்ற பாடம், அதாவது கருமையாகத் தெரியும் வாயிலுக்குள் ஏதோ உண்டு என்பது, ஆட்டம் முழுதும் கூட வருகிறது. எனினும் செல்டாவை முழுமையானதெனப் போற்றுவது பிழையாகும். எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தோன்றும் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லாத இடங்கள் அதில் உண்டு. அங்கெல்லாம் ஆட்டக்காரர் நிலத்தைப் படிப்பதில்லை. ஒவ்வொரு புதராக எரித்துக்கொண்டிருக்கிறார். மறைப்பது வேறு, தடயமின்றி ஒளிப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள நின்டெண்டோவுக்கே முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதற்கு ஓராண்டு முன்பே டெக்சஸைச் சேர்ந்த ரிச்சர்ட் கேரியட் முற்றிலும் வேறான கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார். தம் அல்டிமா வரிசையின் மூன்றாம் விளையாட்டை 1983இல் சொந்த நிறுவனத்தின் வழியே வெளியிட்டபின், ஆட்டக்காரர்களின் கடிதங்கள் முதன்முதலாக அவர் கைக்கு நேரே வந்தன. உலகைக் காக்கும் வீரன் என்று கதை சொல்லிக்கொண்டே, வழியில் அகப்பட்ட கடைகளைக் கொள்ளையிட்டு ஊர்மக்களைக் கொன்று முன்னேறுவதே ஆட்டக்காரர்களின் வழக்கம் என்பதை அக்கடிதங்கள் காட்டின. குற்றம் ஆட்டக்காரருடையது அன்று; உலகம் எதையும் கணக்கில் கொள்ளவில்லை என்பதே குறை. 1985இன் 'அல்டிமா 4' அதற்கு விடையாக வந்தது. அதில் கொல்ல வேண்டிய பெரும்பகைவன் எவனும் இல்லை. வாய்மை, அருள், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களில் தேர்ந்து, ஓர் அவதாரமாக உயர்வதே இலக்கு. சமஸ்கிருதத்திலிருந்து அச்சொல்லைக் கேரியட் எடுத்தாண்டார். கணினித் திரையில் மனிதரின் பதிலியைக் குறிக்க இன்று உலகமெங்கும் 'அவதார்' என்று வழங்குவதில் அந்த விளையாட்டுக்கும் பங்குண்டு. இறைவன் கீழிறங்கி வருவதைக் குறித்த சொல், மனிதர் மேலேறுவதற்கும் பின்னர் திரைக்குள் இறங்குவதற்கும் பெயரானது தனி ஆய்வுக்குரியது.

அல்டிமா 4இன் நுட்பம் அதன் அறப்பட்டியலில் இல்லை. அந்த அறங்கள் சோதிக்கப்படும் விதத்தில் இருக்கிறது. மந்திரச் சரக்கு விற்கும் கடைக்காரர் பார்வையற்றவர். வாங்கிய சரக்குக்கு உரிய பணத்தை ஆட்டக்காரரே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் அவர் எதுவும் சொல்வதில்லை. எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை. காவலர் எவரும் வருவதில்லை. ஆனால் உலகம் அதைக் குறித்துக்கொள்கிறது. பல மணி நேரத்துக்குப் பின், வாய்மையில் தேர்ச்சி கிட்டவில்லை என்று அறியும்போதுதான் அந்தக் கடை நினைவுக்கு வரும். சுதந்திரம் தரும் விளையாட்டுகள் பல வந்திருக்கின்றன. அந்தச் சுதந்திரத்துக்கு எடை இருக்க வேண்டுமானால் உலகத்துக்கு நினைவாற்றல் வேண்டும் என்பதை இவ்வளவு எளிய கருவியால் காட்டியவை மிகச் சில.

பரப்புக்கும் ஆழத்துக்கும் இடையிலான வழக்கு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் பெதெஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை. 1996இல் வந்த 'டாகர்ஃபால்' பிரிட்டன் தீவின் பரப்புக்கு ஏறத்தாழ இணையான நிலத்தையும் 15,000 அளவிலான ஊர்களையும் நிலவறைகளையும் கொண்டது என்று சொல்லப்பட்டது. பெரும்பகுதி கணினி வாய்பாட்டால் ஆக்கப்பட்டது. ஊருக்கும் ஊருக்கும் இடையே நடந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர் அனைவரும் வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தொட்டுத் தாவினர். நடுவிலிருந்த நிலம் இருந்தும் இல்லாததாயிற்று. ஆறாண்டு கழித்து, 2002இல், அதே நிறுவனம் 'மோரோவிண்ட்' விளையாட்டை வெளியிட்டபோது நிலப்பரப்பு அதன் மிகச் சிறு பங்காகச் சுருங்கியிருந்தது. ஆனால் வ்வார்டன்ஃபெல் என்னும் அத்தீவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் கையால் அமைக்கப்பட்டவை.

நடுவில் எரிமலை, அதிலிருந்து வீசும் சாம்பற்புயல், மரமளவு வளர்ந்த காளான்கள், ஊருக்கு ஊர் செல்ல, தூண்போன்ற கால்கள் கொண்ட பெரும்பூச்சியின் முதுகில் இருக்கை. டெல்வானி என்னும் மந்திரவாதிக் குலத்தாரின் காளான் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டே இருக்காது. அவர்கள் பறக்க வல்லவர்கள். பறக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலையும் இல்லை. ஒரு குலத்தின் செருக்கைக் கட்டடம் சொல்லிவிடுகிறது. எந்த உரையாடலும் வேண்டியிருக்கவில்லை. 2006இல் வந்த 'ஆப்லிவியன்' விளையாட்டில் நகரங்கள் தனித்தனித் துண்டுகளாக நினைவகத்தில் ஏற்றப்பட்டன. மதிலைத் தாண்டிப் பறந்தால் வெறுமைதான் தெரியும். எனவே பறக்கும் மந்திரம் நீக்கப்பட்டது. கதையுலகுக்குள் அதற்கொரு சட்டத் தடை காரணமாகக் கற்பிக்கப்பட்டது. தொழில்நுட்பத் தேவை ஒன்று சட்ட வரலாறாக மாறிய வேடிக்கை இது.

மேலும் ஒரு மாற்றம் அப்போது நிகழ்ந்தது. இவ்வகைமையின் வரலாற்றில் அதுவே பெரிய திருப்பம். மோரோவிண்டில் ஒரு பணியை ஏற்றால், செல்ல வேண்டிய வழியை ஊரார் சொற்களால் சொல்வார்கள்: வடக்கே பாலம் தாண்டி, ஆற்றின் இடக்கரையோடு போய், இரண்டாம் கணவாயில் கிழக்கே திரும்ப வேண்டும் என்பதுபோல. அச்சொற்கள் நாட்குறிப்பில் பதிவாகும்; மற்றதை ஆட்டக்காரர் கண்ணால் தேட வேண்டும். பரிசில் பெற்று மீள்பவன் இனிச் செல்லவிருப்பவனுக்கு வழியை விரித்துரைக்கும் ஆற்றுப்படை மரபை அறிந்த தமிழ் மாணவருக்கு இது எளிதில் விளங்கும். அங்கே வழியை அறிவதும், வழியில் உள்ள நிலத்தையும் மக்களையும் அறிவதும் ஒன்றே. ஆப்லிவியனில் திரையின் அடியில் ஒரு திசைகாட்டிப் பட்டை வந்தது. அதில் இலக்கைச் சுட்டும் அம்புக்குறி வந்தது. அன்றுமுதல் ஆட்டக்காரரின் பார்வை நிலத்தைவிட்டு அந்தப் பட்டைக்கு இறங்கியது. ஊராரும் வழி சொல்வதை நிறுத்திக்கொண்டனர். சொல்ல வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று.

இதைச் சீரழிவு என்று மட்டும் எழுதிவிடுவது நேர்மையாகாது. மோரோவிண்டின் வழிக்குறிப்புகளுள் சில வெறும் பிழைகள். கிழக்கு என்று சொல்லி மேற்கே அலையவிட்டவை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே வாய்க்கும் உழைப்பாளிக்கும், பார்வைக் குறையுடையோருக்கும் அம்புக்குறி ஒரு கதவைத் திறந்தது என்பதையும் மறுக்க இயலாது. கேடு அம்புக்குறியில் இல்லை. அதை அணைத்துவிட்டால் விளையாடவே முடியாதபடி அதன்பின் உலகங்கள் கட்டப்பட்டன என்பதில் இருக்கிறது.

இதே காலத்தில் வேறு சோதனைகளும் நடந்தன. சேகாவின் யு சுசுகி 1999இல் ஆக்கிய 'ஷென்மூ', 1986இன் யோகோசுகா நகரை எடுத்துக்கொண்டு, அவ்வாண்டின் மெய்யான வானிலைப் பதிவுகளையே விளையாட்டில் பெய்வித்தது. கடைக்காரர் மாலையில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடப்பார். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். 2001இன் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' நகரத்தையே விளையாட்டுத்திடலாக்கி இத்துறையின் வணிகக் கணக்கை மாற்றியது. அதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. 2005இல் ஃபுமிட்டோ உவெடாவின் 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' துணிந்து எதிர்ப்பக்கம் சென்றது: அகன்ற நிலம், பதினாறு பேருருவங்கள், இவையன்றி வேறு எதிரியோ ஊரோ கடையோ இல்லை. வெறுமையைக் குறை என்று கருதிய துறையில், குதிரை மீது தனியே கடக்கும் அந்த நீண்ட நேரமே ஆட்டக்காரரின் மனச்சான்றுக்கான இடமாயிற்று. இந்தப் பேருருவங்களைக் கொல்வது சரிதானா என்று நினைக்க அவருக்கு வேறெப்போது நேரம் கிடைக்கும்?

2007இல் யுபிசாஃப்ட் மான்ட்ரியால் கூடத்திலிருந்து வந்த 'அசாசின்ஸ் கிரீட்' 1191ஆம் ஆண்டின் எருசலேமையும் டமாஸ்கஸையும் ஏக்கரையும் ஏறித்திரியக் கொடுத்தது. வரலாற்று மாணவர்கள் இவ்வரிசைக்குக் கடன்பட்டவர்கள். 2018இல் பண்டைய எகிப்தைச் சண்டையின்றிச் சுற்றிப் பார்க்கும் கல்விப் பயணமாக அதே நிறுவனம் மாற்றித் தந்ததும் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த முதல் விளையாட்டில் ஒரு வழக்கம் நிலைபெற்றது: உயர்ந்த கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டாரத்தில் உள்ளவை அனைத்தும் வரைபடத்தில் குறிகளாகப் பூத்துவிடும். அடுத்த பத்தாண்டுகள் எண்ணற்ற விளையாட்டுகள் இதையே பின்பற்றின. கோபுரம் ஏறுதல், குறிகளைப் பெறுதல், குறிதோறும் சென்று அழித்தல். உலகம் பட்டியலாயிற்று, பயணம் பட்டியலைக் குறைக்கும் வேலையாயிற்று.

இந்தப் பட்டியலை நிரப்புவதற்கு ஆள் வேண்டும். ராபினெட் தனியொருவராக முப்பது அறைகளை அமைத்தார். 2018இன் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டை அமைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பல்லாண்டு உழைத்தனர். அது வெளிவரும் தறுவாயில், ராக்ஸ்டார் நிறுவனர்களுள் ஒருவர் நேர்காணலொன்றில் வாரத்துக்கு நூறு மணி நேர வேலை பற்றிக் குறிப்பிட, அது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. தாம் சொன்னது சிறு எழுத்துக்குழுவின் சில வாரங்களைப் பற்றியே என்று அவர் பின்னர் விளக்கினார்; ஆயினும் துறையின் உழைப்பு நேரம் குறித்த பேச்சு அடங்கவில்லை. அந்த உழைப்பில் இந்தியர் பங்கும் உண்டு. ராக்ஸ்டாருக்குப் பெங்களூரில் கூடம் இருக்கிறது. 1997இல் அதே நகரில் தொடங்கி, உலக நிறுவனங்களுக்காக உருவங்களையும் சூழல்களையும் வரைந்து தந்த துருவா இன்டராக்டிவ் 2019இல் ராக்ஸ்டாரின் கைக்குச் சென்றது. அமெரிக்க மேற்கின் புல்வெளியைப் பற்றி எழுதும் இந்திய ஆய்வாளர், அப்புல்வெளியின் ஒரு பகுதி எங்கே, யாரால், என்ன ஊதியத்துக்கு ஆக்கப்பட்டிருக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பெரும் படைப்பு என்பதில் ஐயமில்லை. அளவு என்பது யாரோ ஒருவரின் இரவுநேரம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

பட்டியல் முறையின் குறையையும் அதைக் கடக்கும் ஆற்றலையும் ஒரே விளையாட்டில் காண வேண்டுமானால் 2015இல் வார்சாவின் சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்ட 'தி விட்சர் 3' போதும். ஸ்கெல்லிகே கடலில் மிதக்கும் கேள்விக்குறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சரக்குப் பெட்டிகள்; படகை ஓட்டிக் களைத்தவர்கள் அறிவர். அதே விளையாட்டின் வேலன் சதுப்பு நிலத்தில், மனைவியை அடித்துத் துன்புறுத்திய குடிகாரப் பிரபு ஒருவனின் கதை வருகிறது. ஒரு குன்றின் அடியில் சிறைப்பட்டிருக்கும் ஆவியை விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஓர் ஊர் அழிகிறது, பிரபுவின் மனைவி இறக்கிறாள், அவன் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் மாள்கிறார்கள். அவளோ சித்தம் கலங்கி உயிரோடிருக்கிறாள். முடிவெடுக்கும் நொடியில் இவை எதுவும் தெரியாது. அல்டிமாவின் பார்வையற்ற கடைக்காரர் முப்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ஒரு வேறுபாடு, இங்கே சரியான தொகை என்று எதுவும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2017 மார்ச் 3 அன்று வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' பெற்ற வரவேற்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷியின் குழு, 1986இன் செல்டாவைப் போன்ற தட்டையான இருபரிமாண மாதிரி ஒன்றைச் செய்து, அதில் தீ, மரம், காற்று ஆகியவற்றின் உறவுகளைச் சோதித்துப் பார்த்தபின்பே முப்பரிமாண உலகுக்குச் சென்றது. அவ்வாண்டே விளையாட்டு ஆக்குநர் மாநாட்டில் அவர்கள் விளக்கிய 'வேதியியல் பொறி' மூன்றே விதிகளால் ஆனது: தீ, நீர், மின் போன்ற தனிமங்கள் பொருள்களின் நிலையை மாற்றும், தனிமங்கள் ஒன்றையொன்று மாற்றும், பொருள்கள் தம்முள் ஒன்றையொன்று மாற்றா. இவற்றிலிருந்து எண்ணற்ற நிகழ்வுகள் கிளைக்கின்றன. புல்லில் தீ வைத்தால் வெப்பக்காற்று மேலெழும். அதில் சிறகுத்துணியை விரித்து மேலே செல்லலாம். இடிமழையில் இரும்பு வாளை முதுகில் சுமந்தால் மின்னல் தேடி வரும். அந்த வாளையே எதிரியின் காலடியில் எறிந்தால் மின்னல் அவனைத் தேடிச் செல்லும். இவற்றை எந்தப் பாடமும் கற்பிப்பதில்லை. மழையில் இரும்பு ஆகாது என்று ஆட்டக்காரர் முன்பே அறிந்திருக்கிறார். உலகம் அந்த அறிவை மதிக்கிறது.

நிலத்தின் அமைப்பிலும் அதே நம்பிக்கை. தாம் வாழும் கியோட்டோவின் வரைபடத்தை விளையாட்டு நிலத்தின் மீது வைத்து, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஃபுஜிபயாஷி அளந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். மலைகளும் பாறைகளும் பெரும்பாலும் முக்கோண வடிவில் அமைக்கப்பட்டன. முக்கோணம் தொலைவிலிருந்து கண்ணை ஈர்க்கும். ஏறுவதா சுற்றிச் செல்வதா என்ற தேர்வைத் தரும். பின்னால் இருப்பதை மறைத்து, நெருங்க நெருங்கக் காட்டும். இங்கும் கோபுரங்கள் உண்டு. ஆனால் ஏறினால் கிடைப்பது நிலத்தின் மேடுபள்ளம் வரைந்த வெற்று வரைபடம் மட்டுமே. அதில் என்ன இருக்கிறது என்பதை ஆட்டக்காரர் கோபுர உச்சியில் நின்று தொலைநோக்கியால் பார்த்துத் தாமே குறி வைக்க வேண்டும். பத்தாண்டுக் கோபுர மரபை இந்தச் சிறு மாற்றம் தலைகீழாக்கிற்று: குறி இடுபவர் இப்போது ஆட்டக்காரர். இன்னொரு குறும்பும் உண்டு. நாடெங்கும் ஒளிந்திருக்கும் கோரோக் என்னும் சிறுதெய்வங்கள் 900. பையை முழுதாகப் பெரிதாக்கிக்கொள்ள அவற்றுள் 441 போதும். எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தவருக்குக் கிடைக்கும் பரிசு, பொன்னிறத்தில் ஒரு மலக்குவியல். சேகரிப்பு வெறியைப் பற்றி இதைவிடத் தெளிவான விமரிசனத்தை எந்த ஆய்விதழும் வெளியிட்டதில்லை.

120 சிற்றாலயங்களும் உள்ளே ஒரே தோற்றம் கொண்டவை என்பதும், ஆயுதங்கள் ஓயாமல் உடைவது பலரைச் சலிப்பூட்டியது என்பதும் இதன் குறைகள். 2022இல் ஹிதெதாகா மியாசாகியின் 'எல்டன் ரிங்' பணிப்பட்டியல் எதுவுமின்றி, திசையைச் சுட்டும் ஓர் ஒளிக்கீற்றோடு மட்டும் வந்து பெருவெற்றி பெற்றதற்கு, பிரெத் ஆஃப் தி வைல்ட் பழக்கிவிட்ட கண்களும் ஒரு காரணம்.

இவ்வரிசையில் மிகச் சிறிய உலகம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது வந்த வழி ஆய்வு மாணவர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடும். 'அவுட்டர் வைல்ட்ஸ்' தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சமின் முதுகலை ஆய்வுத்திட்டமாகத் தொடங்கியது. 2019இல் முழு விளையாட்டாக வெளிவந்து, மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. மிகச் சிறிய கோள்கள். இருபத்திரண்டு நிமிடத்தில் சூரியன் வெடித்து அனைத்தும் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அந்த இருபத்திரண்டு நிமிடமும் உலகம் தன் போக்கில் இயங்குகிறது. இரட்டைக் கோள்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் பாய்கிறது. ஒன்றில் புதைந்திருந்த கட்டடங்கள் வெளிப்பட, மற்றொன்றின் குகைகள் மூடிக்கொள்கின்றன. வேறொரு கோள் தன்னுள் இருக்கும் கருந்துளைக்குள் துண்டு துண்டாக விழுகிறது. ஆட்டக்காரர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணல் அதே நேரத்தில் பாயும்.

அதில் வாள் இல்லை, பொன் இல்லை, வலிமை கூடுவதும் இல்லை. மறைந்துபோன நோமாய் என்னும் இனத்தார் சுவர்களில் எழுதிச் சென்றவற்றைப் படித்து, எந்தக் கோளில் எப்போது எந்த வாயில் திறக்கும் என்று அறிவது மட்டுமே முன்னேற்றம். முதல் நிமிடத்திலேயே இறுதிவரை செல்ல வேண்டிய கருவிகள் அனைத்தும் ஆட்டக்காரரிடம் இருக்கின்றன. அறிவு ஒன்றே இல்லை. இதனால் விந்தையான விளைவொன்று ஏற்படுகிறது: அதை ஒருவர் ஒருமுறைதான் ஆட முடியும். முடித்தவருக்கு உலகம் தீர்ந்துபோகிறது. வகுப்பறையில் இதைப் பாடமாக வைக்க விரும்பும் ஆசிரியரும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். விளக்கினால் மாணவரிடமிருந்து விளையாட்டையே பறித்ததாகும். முடித்த மாணவர் முடிக்காத நண்பரின் பின்னால் அமர்ந்து, அவர் தவறான கோளுக்குக் கலத்தைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருப்பார்.